நூறாவது கோழி

உங்களிடம் 99 கோழிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முட்டையிடும் ஜாதி. காலையில் கூடையோடு போனால் எழுபது எண்பது முட்டை தேறும். வீட்டுக்குப் போக மீதியை அக்கம்பக்கத்தில் விற்கலாம். ரோட்டோரம் பலகை எழுதி வைத்தும் விற்கலாம். யாரும் வந்து 'கோட்டா எங்கே?' என்று கேட்கப் போவதில்லை.

இந்த நேரம் பார்த்து மாமியார் வீட்டிலிருந்து ஆசையாக ஒரு கோழி வருகிறது. ஆக மொத்தம் 100.

தொலைந்தது! நீங்கள் இருப்பது கனடாவில், அதிலும் ஒன்டாரியோ அல்லது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் என்றால், அந்த நூறாவது கோழி வெறும் கோழி இல்லை. சட்டப் பிரச்னை. அனுமதியோ கோட்டாவோ கையில் இல்லாமல் அதை வைத்துக்கொண்டால் மாகாண முட்டை வாரியம் உங்கள் கதவைத் தட்டலாம்.

முட்டைக்குமா வாரியம் என்று சிரிக்காதீர்கள். இருக்கிறது. அதற்குத் தலைவர் உண்டு, உறுப்பினர்கள் உண்டு, இன்ஸ்பெக்டர் உண்டு, லெவி உண்டு. அதன்மேல் விவசாயிகள் செய்த அப்பீல்களும் ஏராளமாக உண்டு. முட்டைக்காக நடந்த வழக்குகள் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் ஒரு தடவை அல்ல, பல தடவை போயிருக்கின்றன.

சில வாரங்களாக அந்தத் தீர்ப்புகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். "வேற வேலையே இல்லையா உங்களுக்கு?" என்று வீட்டில் கேட்டாயிற்று. ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனைப் பார்த்துக் கேட்கவே கூடாத கேள்வி அது.

எங்கள் தெருவில் ஒரு ரிடையர்டு சிரஸ்தார் இருக்கிறார். முப்பது வருஷம் கோர்ட்டில் கேஸ் கட்டுகளோடு குடும்பம் நடத்தியவர். எந்த வழக்கைப் பற்றிப் பேசினாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "சட்டத்தை அப்புறம் பாரு தம்பி. மனுஷன் என்ன கேட்டான்? கோர்ட்டு எதுக்குப் பதில் சொல்லுச்சு? ரெண்டும் ஒண்ணான்னு மொதல்ல பாரு."

இந்த முட்டைக் கேஸ்களைத் திறக்க இதைவிட நல்ல சாவி எனக்குக் கிடைக்கவில்லை.

* * *

முதலில் கோட்டா. ரேஷன் கார்டைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படியோ, அதுதான் கோட்டா. ரேஷன் கார்டு 'இவ்வளவுதான் வாங்கலாம்' என்கிறது. கோட்டா 'இவ்வளவுதான் உற்பத்தி செய்யலாம்' என்கிறது.

நாட்டுக்கு எவ்வளவு முட்டை போதும் என்று முதலில் கணக்குப் போடுவார்கள். அதை மாகாணங்களுக்குப் பங்கு பிரிப்பார்கள். மாகாண வாரியம் அதைப் பண்ணைகளுக்குப் பிரிக்கும். தீவனம், கொட்டகை, கூலி எல்லாவற்றையும் கூட்டி, நியாயமான லாபமும் சேர்த்து, விவசாயிக்குத் தர வேண்டிய விலையை நிர்ணயம் செய்வார்கள். ஒவ்வொரு டஜனுக்கும் விவசாயி லெவி கட்ட வேண்டும். கடையில் விலைபோகாத உபரி முட்டைகளை, உடைத்துத் திரவமாக்கும் ஆலைகளுக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதில் விழும் துண்டை இந்த லெவியிலிருந்து சரிக்கட்டுவார்கள்.

வெளிநாட்டு முட்டை உள்ளே புகுந்து கணக்கைக் கெடுத்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். அனுமதித்த அளவுக்கு மேல் வரும் முட்டைக்கு 163.5 சதவீதம் சுங்க வரி!

நம் நாமக்கல் முட்டைக்கும் தினம் விலை அறிவிக்கிறார்கள். பேப்பரில் பார்க்கிறோம். ஆனால் நீ இத்தனை கோழிதான் வளர்க்கலாம் என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கனடாவில் விஷயமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பி.காம். முதல் வருஷத்தில் தேவைக் கோடு, அளிப்புக் கோடு என்று இரண்டு கோடு போட்டு, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விலை பிறக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார்கள். கனடா முட்டை விஷயத்தில் அளிப்புக் கோட்டை மட்டும் ஒரு கமிட்டி உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துப் போடுகிறது. விலை பிறப்பதில்லை. சிசேரியன்!

இதில் ஒரு விசேஷம். ஆரம்பத்தில், ஏற்கெனவே கோழி வளர்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கோட்டா இனாமாகவே கிடைத்தது. நாளாக ஆக, அந்தக் காகிதத்துக்கே மதிப்பு வந்துவிட்டது. இன்று ஒரு கோழி வளர்க்கும் உரிமைக்கு மட்டும் பல நூறு டாலர். கோழி தனி, கொட்டகை தனி, தீவனம் தனி. ஆயிரம் கோழியோடு தொழில் ஆரம்பிக்க நினைப்பவன், கொட்டகைக்கு முதல் ஆணி அடிப்பதற்கு முன்பே சில லட்சம் டாலரை எடுத்து வைக்க வேண்டும்.

இப்போது புரிந்திருக்கும், அங்கே ஒரு கோழிக்காக ஏன் கோர்ட் படி ஏறுகிறார்கள் என்று.

* * *

எப்படி வந்தது இந்த ஏற்பாடு? சும்மா வரவில்லை. சண்டையில் வந்தது.

1960-களில் கோழிப் பண்ணைகளில் இயந்திரங்கள் வந்தன. பத்து கூடை முட்டை வந்த இடத்தில் லாரி லாரியாக வர ஆரம்பித்தது. விலை சரிந்தது. சின்ன விவசாயி திணறினார். மாகாண அரசுகள் தங்கள் தங்கள் விவசாயியைக் காப்பாற்றப் புறப்பட்டன. ஒன்டாரியோவில் முட்டை உபரி. கியூபெக்கில் கறிக்கோழி உபரி. 'உன் முட்டை என் ஊருக்குள் வரக் கூடாது' என்றது கியூபெக். 'அப்படியானால் உன் கோழி என் ஊருக்குள் வரக் கூடாது' என்றது ஒன்டாரியோ. அந்த நாட்டுச் சரித்திரத்தில் இதற்குப் பெயரே கோழி-முட்டை யுத்தம். கோழி முதலா, முட்டை முதலா என்று நாம் பட்டிமன்றம் நடத்துவோம். அவர்கள் யுத்தமே நடத்தினார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டது மானிடோபா மாகாணம். அங்கே முட்டை அமோகம். தின்ன ஆள் குறைவு. வெளியே விற்றால்தான் பிழைப்பு. கியூபெக் கதவைச் சாத்தினால் என்ன செய்வது?

மானிடோபா அரசு செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கியூபெக்கின் பாணியிலேயே ஒரு விதிமுறையைத் தானும் தயாரித்தது. வெளி மாகாண முட்டையையும் தன் வாரியத்தின் பிடிக்குள் கொண்டுவரும் விதிமுறை. தயாரித்துவிட்டு, 'இது சட்டப்படி செல்லுமா?' என்று தன் சொந்த அப்பீல் கோர்ட்டிடம் கேட்டது. செல்லாது என்றது கோர்ட். உடனே சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போனது. ஜெயிப்பதற்கு அல்ல, தோற்பதற்கு! தன் விதிமுறை உச்ச கோர்ட்டில் தோற்றால், அதே அச்சில் வார்த்த கியூபெக் விதிமுறையும் தோற்றுவிடும் அல்லவா?

சிரஸ்தாரிடம் இதைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தோக்கறதுக்கா வக்கீல் வச்சாங்க? நம்ம ஊர்ல வக்கீல் ஃபீஸ் இல்லாமலே தோக்கலாமே!"

1971-ல் மானிடோபா வெற்றிகரமாகத் தோற்றது. மாகாணங்களுக்கு இடையே நடக்கும் வியாபாரம் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஒரு மாகாணம் அதில் கை வைக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி போரா லாஸ்கின் தனியாக எழுதியபோது ஒரு குறையையும் பதிவு செய்தார். மானிடோபாவில் முட்டை எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு, உள்ளே வருவது எவ்வளவு என்று ஒரு தகவலும் இல்லாமல் கேஸைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பதுதான் அது. முட்டைக் கேஸ்தான். முட்டையைத்தான் காணோம்!

சிரிப்பு போகட்டும். சிரஸ்தார் சாவியைப் போட்டுப் பாருங்கள். விவசாயி கேட்டது: என் முட்டையை எங்கே விற்பது? கோர்ட் பதில் சொன்னது: யாருக்கு அதிகாரம்? மாகாணத்துக்கா, மத்திய அரசுக்கா? கேள்வியும் பதிலும் அன்றைக்கே வேறு வேறு திசையில் நடக்க ஆரம்பித்துவிட்டன.

* * *

மாகாணங்களால் தனித்தனியாகச் செய்ய முடியாததை எல்லோரும் சேர்ந்து செய்யலாமே என்று யோசனை வந்தது. 1972 ஜனவரியில் மத்தியச் சட்டம். அந்த வருஷக் கடைசியில் தேசிய முட்டை விற்பனை ஏஜென்சி. யாருக்கு எவ்வளவு பங்கு? 1967 முதல் 1971 வரை ஐந்து வருஷத்தில் எந்த மாகாணம் எவ்வளவு முட்டை உற்பத்தி செய்ததோ, அந்த விகிதத்தில்தான் பங்கு. இந்த ஐந்து வருஷக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆரம்பமே அமர்க்களம். 1974-ல் கிடங்குகளில் 2 கோடியே 80 லட்சம் முட்டைகள் கெட்டுப்போயின என்று செய்தி வெடித்தது. விலை விழாமல் இருக்க வாங்கி அடுக்கிய முட்டைகள்! அப்போது விவசாய மந்திரி யூஜின் வீலன். எங்கே போனாலும் பச்சைத் தொப்பியோடு போகிறவர். அந்தத் தொப்பியையும் இந்த முட்டையையும் சேர்த்து வைத்துப் பத்திரிகைகள் வறுத்தெடுத்துவிட்டன. ஆனாலும் மந்திரி அசையவில்லை. ஏஜென்சியும் கலையவில்லை. 1978-ல் இந்த ஏற்பாடு மறுபடி சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது, மத்தியச் சட்டமும் மாகாணச் சட்டமும் பல்சக்கரம் மாதிரி ஒன்றோடொன்று பொருந்தி ஓடலாம் என்று சொல்லி, திட்டத்தின் பெரும்பகுதியைக் கோர்ட் நிலைநிறுத்தியது.

சரி, அதிகாரப் பிரச்னை தீர்ந்தது. மனுஷன் பிரச்னை?

* * *

கனடாவின் வட கோடியில் வடமேற்குப் பிரதேசங்கள் என்று ஒரு பரந்த நிலப்பரப்பு. மாகாணம் என்ற அந்தஸ்து கிடையாது. குளிரென்றால் அப்படி ஒரு குளிர். 1967-லிருந்து 1971 வரை அங்கே முட்டைப் பண்ணைத் தொழிலே கிடையாது. எனவே பங்கு பிரித்த தாளில் அதன் பெயரே ஏறவில்லை.

1980-களில் அங்கே ஹே ரிவர் பக்கம் துணிந்து சிலர் முட்டைப் பண்ணை வைத்தார்கள். கோழியும் குளிரைத் தாங்கி முட்டையிட்டது. உள்ளூர் ஜனத்தொகை மிகக் கொஞ்சம். மீதியைத் தெற்கே மற்ற மாகாணங்களுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பக் கூடாது என்றது தேசிய ஏஜென்சி. மாகாணம் தாண்டி முட்டை விற்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வாங்கக் கோட்டா வேண்டும். கோட்டா வாங்க, ஐந்து வருஷக் கணக்கில் உங்கள் பிரதேசம் இருந்திருக்க வேண்டும். உங்களுக்குப் பங்கு பூஜ்யம். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே?

கவனியுங்கள். கோட்டா போதவில்லை என்பது வேறு. கோட்டா கேட்டு மனுப் போட ஜன்னலே இல்லை என்பது வேறு. இவர்களுக்கு இரண்டாவது.

ஏஜென்சி கோர்ட்டுக்குப் போய்த் தடை கேட்டது. ஆக, இந்தக் கேஸில் விவசாயத் தரப்புதான் பிரதிவாதி. அவர்கள் கையில் எடுத்தது 1982-ல் வந்த உரிமைகள் சாசனத்தை. நாட்டின் எந்த மாகாணத்திலும் பிழைப்பு நடத்தும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்கிறது அதன் ஆறாவது பிரிவு. பிரதேச கோர்ட்டில் ஜெயித்தார்கள். அப்பீல் கோர்ட்டிலும் ஜெயித்தார்கள். இரண்டு கோர்ட்டில் ஜெயித்தால் மூன்றாவதிலும் ஜெயித்துவிடலாம் என்று நினைப்போம். நினைப்புதான்.

1998 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் 7-க்கு 2 என்ற கணக்கில் அதைப் புரட்டிப் போட்டது. பெரும்பான்மை சொன்னதன் சாரம் இது: நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை முக்கியக் காரணமாக வைத்து உங்களை ஒதுக்கியிருந்தால் அது தப்பு. இங்கே அப்படி இல்லை. உற்பத்தி முன்பு எங்கெங்கே நடந்தது என்ற பழைய கணக்கை வைத்துத்தான் பங்கு போட்டிருக்கிறார்கள். எனவே சாசனம் மீறப்படவில்லை.

மறுத்து எழுதிய இரண்டு பேரில் ஒருவர் பெவர்லி மெக்லாக்லின். பின்னால் 2000-ல் தலைமை நீதிபதி ஆனவர். எந்தப் பெயர் வைத்துக் கூப்பிட்டாலும், நடைமுறையில் அந்தப் பிரதேசத்துக்காரன் நாட்டுச் சந்தைக்கு வெளியேதானே நிறுத்தப்படுகிறான் என்பது அவர் பக்கத்து வாதம்.

எனக்குப் பெரும்பான்மைத் தீர்ப்பு சட்டப்படி தப்பு என்று சொல்லும் அளவுக்குப் படிப்பு கிடையாது. ஆனால் கணக்கு தெரியும். 1971-ல் பிறந்திருக்காத பண்ணையிடம் '1971-ல் எத்தனை முட்டை போட்டாய்?' என்று கேட்பது கணக்கு இல்லை. அது கதவைச் சாத்துவதற்கு மரியாதையான ஒரு வழி.

சிரஸ்தார் சாவி மறுபடி. மனுஷன் கேட்டது: நான் உழைத்துப் பிழைக்க இடம் உண்டா? கோர்ட் பதில் சொன்னது: உன்னை ஒதுக்கியதற்குக் குடியிருப்பு காரணமா, பழைய கணக்கு காரணமா? பதில் கனமானதுதான். ஆனால் அவன் கேட்டது அதை இல்லையே.

முடிவு என்ன ஆனது தெரியுமா? இன்றைக்குத் தேசிய முட்டைத் திட்டத்தில் 10 மாகாணங்களோடு வடமேற்குப் பிரதேசங்களும் சேர்ந்திருக்கின்றன. சுப்ரீம் கோர்ட்டில் தோற்றவர்களின் பிரதேசம், பின்னால் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. கதவைத் திறந்தது தீர்ப்பு இல்லை.

* * *

கொஞ்சம் பீர் பக்கம் போய்விட்டு வரலாம். குடிக்க அல்ல.

நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஒரு ரிடையர்டு தொழிலாளி. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் பீர் மலிவு என்று காரில் போய் 14 பெட்டி பீரும், கூட மூன்று பாட்டில் சரக்கும் வாங்கி வந்தார். போலீஸ் பிடித்து 300 டாலருக்குக் கொஞ்சம் குறைவாக அபராதம் போட்டது. மனிதர் கட்ட மறுத்தார். ஒரு மாகாணத்தில் விளைந்ததும் செய்ததும் மற்ற மாகாணங்களுக்குள் தடையில்லாமல் போகலாம் என்று 1867 அரசியல் சட்டத்தின் 121-வது பிரிவு சொல்கிறதே என்று கேட்டார். முதல் கோர்ட்டில் ஜெயித்தார். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றார்.

அந்த பீர் கேஸில் தங்களையும் கேட்க வேண்டும் என்று வந்து நின்றவர்களில் முட்டைக்காரர்களின் தேசிய அமைப்பும் ஒன்று! பீருக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஆம்லெட் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் அனுபவம். உண்மைக் காரணம் வேறு. அந்த மனிதர் ஜெயித்து மாகாண எல்லை திறந்துகொண்டால், இன்றைக்கு பீர், நாளைக்கு முட்டை. கோட்டாக் கோட்டையே ஆடிப்போகும். 14 பெட்டி பீருக்கு நாடு முழுவதும் கோழிப் பண்ணைகள் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தன.

* * *

பெரிய கோர்ட் கதை இப்படி. சின்ன மேஜை ஒன்று இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் முட்டை வாரியத்தின் உத்தரவு பிடிக்கவில்லை என்றால் நேராக கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. பண்ணைத் தொழில் மறுபரிசீலனை வாரியம் என்று தனியாக ஒன்றை அரசு வைத்திருக்கிறது. முட்டை, பால், கோழி, காய்கறி என்று எல்லா விற்பனை வாரியங்களுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் வாரியம். வாரியத்தின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர், ஏன், அதில் திருப்தி இல்லாதவர்கூட அங்கே அப்பீல் செய்யலாம். 'திருப்தி இல்லாதவர்' என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு வார்த்தையைச் சட்டத்தில் போட்டால் கியூ அடுத்த ஜில்லா வரை நிற்கும்.

அந்த மேஜையில் உட்காருபவர்கள் முட்டை வாரியத்தின் உத்தரவை உறுதி செய்யலாம், ரத்து செய்யலாம், திருத்தலாம், மறுபடி யோசி என்று திருப்பி அனுப்பலாம். முக்கியமாக, அவர்கள் கேட்கும் கேள்வி 'அதிகாரம் யாருக்கு?' என்பதோடு நிற்பதில்லை. இந்த மனிதருக்குச் செய்தது நியாயமா, சந்தைக்கு நல்லதா என்பதையும் கேட்கிறார்கள். அங்கும் தோற்றுப் போகும் விவசாயிகள் உண்டு. ஆனால் தான் கேட்ட கேள்விக்கே பதில் வாங்கித் தோற்பது வேறு. கேட்காத கேள்விக்குப் பதில் வாங்கித் தோற்பது வேறு. வைத்தியரிடம் போய் வயிற்று வலி என்றால், வலி தீராவிட்டாலும் வயிற்றையாவது தொட்டுப் பார்க்க வேண்டுமல்லவா?

அந்த மேல் வாரியம் 2005-ல் ஒரு பெரிய பரிசீலனை செய்து, ஆர்கானிக் முட்டை போன்ற விசேஷ ரகங்களுக்கும், தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் இடம் விடச் சொல்லிக் கீழே உள்ள வாரியங்களுக்கு வழிகாட்டியது. மாகாணத்துக்கு மாகாணம் காத்திருப்போர் பட்டியல், குலுக்கல், போட்டி என்று புதியவர்களைச் சேர்க்க ஏதாவது ஒரு வழி இப்போது வைத்திருக்கிறார்கள். குலுக்கல் என்றதும் நமக்கு பம்பர் லாட்டரி ஞாபகம் வரும். அங்கே கோழி வளர்க்கும் உரிமைக்கே அதிர்ஷ்டம் வேண்டியிருக்கிறது.

* * *

இவ்வளவு நேரம் வாரியத்தைத் திட்டியாயிற்று. ஒரு தரப்பு வாதத்தோடு கட்டை மூடினால் சிரஸ்தார் என்னைத் தெருவில் நடக்க விடமாட்டார்.

2025 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலர் 23 சென்ட் வரை ஏறியது. பறவைக் காய்ச்சலில் கோடிக்கணக்கான கோழிகளை அழித்த பிறகு வந்த தட்டுப்பாடு. கடைகளில் ஒருத்தருக்கு இத்தனைதான் என்று அளவு வைத்தார்கள். அதே பறவைக் காய்ச்சல் எல்லை தாண்டிக் கனடாவுக்கும் வந்தது. ஆனால் அங்கே விலை அப்படித் துள்ளவில்லை. அமெரிக்காவில் ஒரே நிர்வாகத்தில் பத்து லட்சம் கோழி இருப்பது சாதாரணம். நோய் வந்தால் பத்து லட்சமும் போச்சு. கனடாவில் பண்ணைக்குச் சராசரி இருபதாயிரத்துச் சொச்சம் கோழிதான். ஒன்று விழுந்தாலும் பக்கத்தது நிற்கும். பண்ணைகள் இப்படிச் சின்னதாக, பரவலாக, கடன் மூழ்காமல் இருப்பதற்கு இந்தக் கோட்டா முறையும் ஒரு காரணம் என்கிறார்கள் வாரியத்தார். மறுக்க முடியவில்லை.

ஆக, வாரியம் வேண்டாம் என்று அப்பீல் போட்டவர்களில் பலரும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'என்னையும் உள்ளே விடு' என்றுதான் சொல்கிறார்கள்.

டவுன் பஸ்ஸில் இதை நாம் தினமும் பார்க்கிறோம். கீழே நிற்கும்போது "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், இன்னும் பத்துப் பேர் ஏறலாம்" என்பவர், படியில் கால் வைத்து உள்ளே போனதும் "ரைட் போங்க சார், எடமே இல்ல!" என்று விசிலடிக்காத குறையாகக் கத்துவார். இரண்டு தடவையும் அவர் பொய் சொல்லவில்லை. நிற்கும் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் கொலம்பியா முட்டை வாரியத்துக்குத் தலைவரை அரசு நியமிக்கிறது. மற்ற உறுப்பினர்களை முட்டை உற்பத்தியாளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதாவது ஏற்கெனவே பஸ்ஸில் ஏறியவர்கள் கூடிக் கண்டக்டர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கண்டக்டர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஸ்டாப்பில் நிற்பவன் முகம் அவர்களுக்கு எவ்வளவு தூரம் தெரியும்? அதனால்தான் அப்பீல் என்ற ஒன்று தேவைப்படுகிறது. பஸ்ஸுக்குள் இல்லாத ஒருவர், டிக்கெட் வாங்காத ஒருவர், வெளியிலிருந்து எட்டிப் பார்த்து, இடம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

கடைசியாக சிரஸ்தாரிடம் கேட்டேன். "இவ்வளவு கேஸ் நடந்திருக்கே சார், ஒரு வாரியம் நல்ல வாரியமான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"தீர்ப்பைப் பாக்காத. அவங்க மினிட்ஸ் புக்கை வாங்கிப் பாரு. புதுசா ஒரு பேரைக் கடைசியா எந்தத் தேதியில எழுதிச் சேர்த்தாங்கன்னு பாரு. அந்தத் தேதி ரொம்பப் பழசா இருந்தா, அங்க கெட்டுப்போனது முட்டை மட்டும் இல்ல தம்பி."